சிவப்புப் புள்ளி வைத்த சாமான்கள்

சைக்கிள் சீட் இறங்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் யாராவது கையிலிருக்கிற சாணி வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்களா? ஜெயசுதா நின்றாள்.

முந்தின நாள் சாயங்காலம் புருஷன் அரிகரன் தன் காலுக்குத் தக்கபடி சீட்டை ஏற்றி, ஸ்பானரால் ஒரு முறுக்கு முறுக்கி, நம்பிக்கை வராமல் இன்னொரு முறுக்கும் முறுக்கி, மாட்டுக்கொட்டகையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டியதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். இப்போது சீட் அடி வரைக்கும் இறங்கி, தண்டின் தலையில் கோழி மாதிரி குந்தியிருந்தது. மடுகரை ஊரில் அந்த உயரத்துக்கு அந்தச் சைக்கிளை ஓட்டியவள் ஒருத்திதான். அவள் ஏரியில் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

அரிகரனின் மூத்த தாரம் செல்வகுமாரி குள்ளம், ஜெயசுதா உயரம். ஜெயசுதா மறந்தாலும் ஊர் இதை மறக்க விடாது. மாவு மில்லில் அவள் போய் நின்றால், "மூத்தவ இந்தத் திட்டு மேல ஏறி நின்னுதான் டின்ன வாங்குவா, இவளுக்கு அந்தக் கஷ்டம் இல்ல" என்று யாராவது பாராட்டுவதுபோல் ஒரு குத்து குத்துவார்கள். அவள் இரண்டாந்தாரமாக வந்ததே அந்த உயரத்தால்தான். கடலூர்ப் பக்கத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் வாயெல்லாம் பல்லாக இருப்பார்கள். காபித் தட்டோடு நிமிர்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மகனை ஒரு தரம் மேலும் கீழும் அளப்பாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்பியதில்லை. முப்பத்தைந்து தாண்டிய பிறகு அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றுதான். நிமிர்ந்து நின்ற பிறகும் தன்னைத் திருப்பி அனுப்பாத ஒரு வீடு.

அரிகரன் அனுப்பவில்லை. அவன் வேலையே பொறுக்கி எடுக்கிற வேலை என்பதால் அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்குக் குவாலிட்டி செக்‌ஷன். பெல்ட்டில் வருகிற பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்து, அளவு சரியில்லை என்றால் சின்ன பிரஷ்ஷால் ஒரு சிவப்புப் பெயிண்ட் புள்ளி வைத்துத் தொட்டியில் போட வேண்டும். புள்ளி வைத்த சாமான் திரும்ப உள்ளே வராது. அந்தச் சாமானின் மேல் அவனுக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. அளவு சரியில்லை, அவ்வளவுதான். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சட்டி ஓட்டையானால் ஒரு புள்ளி, தாழ்ப்பாள் இளகினால் ஒரு புள்ளி, நேராகக் கொல்லையில் கிடக்கும் சணல் சாக்குக்குள். "சொத்தக் கத்திரிக்காய்க்கும் வெப்பான்டி ஒன் புருஷன், பாத்துக்கினே இரு" என்று பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சொல்வாள். அந்தத் தலை அந்தச் சுவரை விட்டு இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

அந்தச் சைக்கிள் செல்வகுமாரியுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த அவள் தாத்தா கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. பெண்கள் ஏறுகிற மாதிரி வளைந்த பிரேம், ஊரில் வேறெங்கும் கேட்காத நீளமான பெல் சத்தம். ஓர் ஐப்பசியில் தையல் வேலை முடிந்து ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தவள், மழையில் ஊறிய கரை சரிந்து சைக்கிளோடு தண்ணீருக்குள் போனாள். மறுநாள் மதகோரம் அவளை எடுத்தார்கள். கோடையில் ஏரி வற்றியபோது சைக்கிளை எடுத்தார்கள். பெல் இல்லை, சீட் இல்லை, பெடல், விளக்கு, செயின் கவர் எதுவுமே இல்லை. சேறு தின்றது போக மிச்சமிருந்த எலும்பை அரிகரன் கொட்டகையில் சாத்தி வைத்தான். சாத்தியபடியே கிடந்தது.

அதை அவன் திரும்பத் தொட்டது போனில் வந்த வினை. புதுச்சேரிக் கடற்கரையில் யாரோ பழைய சைக்கிள்களை வரிசையாக ஓட்டிப் போனதைப் பார்த்தான். ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தான். அதில் இரண்டு கட்சி. ஒரிஜினல் பாகம் இல்லாத வண்டியை வண்டி என்றே சொல்லாதே என்று ஒரு கட்சி. ஓடினால் போதும், டூப்ளிகேட் மாட்டிக்கொண்டு போ என்று இன்னொரு கட்சி. பூப்படம் போட்ட காலை வணக்கங்களுக்கு நடுவில் பெரிய மனிதர்கள் ஒரு மட்கார்டுக்காக அடித்துக்கொள்வார்கள். அரிகரன் ஒரு வார்த்தை எழுதமாட்டான். ஒரிஜினல் கட்சிக்காரர்கள் எழுதுவதற்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான்.

ஆனால் மதகடிப்பட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஆண்டனி கையை விரித்துவிட்டார். "கப்பல்ல வந்த வண்டிக்கு நான் எங்க சார் ஒரிஜினல் தேடுவன்? பிரான்ஸுக்கு டவுன் பஸ் விட்டா சொல்லுங்க, போயி வாங்கியாறன். அதுவரைக்கும் இதப் போட்டு ஓட்டுங்க." அப்படித்தான் வீட்டுக்கு வந்தன, பளபளவென்று ஒரு சீட்டும், இரண்டு பெடலும், அடித்தால் தகர டப்பாவைத் தட்டியதுபோல் டக்கென்று கேட்கிற ஒரு பெல்லும்.

"நல்லாத்தானே இருக்குது?" என்றாள் ஜெயசுதா.

"இருக்குது. ஒரிஜினல் கெடைக்கிற வரைக்கும் இது இருக்கட்டும்" என்றான் அரிகரன்.

அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

இது வரைக்கும் வந்த கதையில் பயப்பட ஒன்றுமில்லை. நடுவில் ஒரு படையல் வந்தது.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம். புருஷன் உயிரோடு இருக்கும்போதே செத்துப்போன சுமங்கலிதான் பூவாடைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் நீர்க்கரைக்குப் போய் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, பூச்சுற்றிய சொம்பில் அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவை வைத்துப் படைக்க வேண்டும். அந்தப் புடவையைப் புதுப்பெண் கட்டிக்கொண்டு ஒரு பொழுது வீட்டுக்குள் நடமாட வேண்டும். மறுநாள் விடிவதற்குள் அந்தத் தண்ணீரை அதே நீர்க்கரையில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். விருந்துக்கு வந்தவளை வீட்டில் தங்க வைக்கக் கூடாது. அரிகரனின் இரண்டாம் கல்யாணம் மயிலத்தில் மாலை மாற்றி, அங்கேயே சாப்பிட்டு முடிந்த கல்யாணம். இதெல்லாம் நடக்கவில்லை. மாதங்கள் கழித்துச் சின்னபொண்ணுதான் சுவருக்கு மேலிருந்து ஆரம்பித்தாள். "மூத்தவளுக்கு ஒரு புடவ வெச்சுக் கும்புடாம இன்னாடி குடும்பம்?"

கும்பிட்டார்கள். பச்சைப் புடவை, அரக்குக் கரை. செல்வகுமாரிக்குப் பிடித்த நிறம் என்று அரிகரன் தானே போய் எடுத்து வந்தான். ஜெயசுதா அதைக் கட்டிக்கொண்டபோது புதுத் துணி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. தாமரைத்தண்டை ஒடித்தால் வருமே, அது. அவளுக்கு ஒப்பவில்லை. ஒரு பொழுது முழுக்க யார் உடுத்திக்கொண்டிருப்பாள்? படையல் சோறு ஆறுவதற்குள் அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்ததை மடிக்கவும் மனசில்லாமல் கொட்டகையில் நின்ற சைக்கிள் மேல் போர்த்திவிட்டாள். தூசி படாமல் இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு.

அவன் செய்தது அதற்கும் மேல். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. பின்சக்கர டியூபில் பஞ்சர் பார்க்க வேண்டும். அரிகரன் பூச்சொம்பை எடுத்து, பூவைப் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரை பேசினில் கவிழ்த்தான்.

"ஏங்க, அது..."

"தண்ணிதானே. காலைல காலிச் சொம்ப ஏரில அலசிட்டு வந்துட்டா ஆச்சு."

காற்றடித்த டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கித் திருப்பினான். ஓர் இடத்தில் குமிழி வந்தது. சாக்பீஸால் குறி போட்டு டியூபை வெளியே எடுத்தான். குமிழி நிற்கவில்லை. வெறும் பேசின், வெறும் தண்ணீர், அடியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகக் குமிழி வந்து மேலே உடைந்தது. உள்ளே யாரோ அவசரமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அவன் பேட்ச் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தான். ஜெயசுதா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவனே பேசினைத் தூக்கிச் சைக்கிள் மேல் ஊற்றி, நனைந்த பச்சைப் புடவையாலேயே துடைத்தான்.

சீட் இறங்கியது அதற்கு மறுநாள்.

அவன் திரும்ப ஏற்றினான். திரும்ப இறங்கியது. "போல்ட்டு வழுக்குது. டூப்ளிகேட்டுன்னா இப்படித்தான்" என்றான். அடுத்த வாரம் சீட்டே மாறியிருந்தது. தடித்த தோல் சீட், ஓரமெல்லாம் பித்தளை ஆணி, தொட்டால் விரலில் கறுப்புச் சேறு. அரிகரன் அதை இரண்டு கையாலும் தடவினான். கோயிலில் விபூதி வாங்குகிறவன் முகம்.

"ஒரிஜினல்டி சுதா. ஆண்டனி கொண்டாந்து மாட்டிட்டுப் போயிருக்காரு போல. சொல்லக்கூட இல்ல பாரு மனுஷன்."

புதுச் சீட் சாக்குக்குள் கிடந்தது. மேலே சிவப்புப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் ஜெயசுதாவின் பல் தேய்க்கிற பிரஷ். அதிலும் ஒரு புள்ளி, இன்னும் ஈரமாக.

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். "இது எதுக்குங்க ரிஜெக்ட்டு?"

"நான் வெக்கலியே" என்றான் அவன். பிரஷ்ஷை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் திரும்பச் சாக்குக்குள்ளேயே போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஆண்டனிக்குப் போன் போட்டாள். "சீட்டா? நானா? எம்மா, எனக்கு மதகடிப்பட்டுல கடையப் பாக்கறதுக்கே நேரமில்ல. மடுகரைக்கு வந்து யாருக்கும் தெரியாம சீட்டு மாட்டிட்டு ஓடறதுதான் என் வேலையா?"

பெடல்கள் வந்தன. அன்றைக்கு அவள் செருப்பு சாக்குக்குள். அதை எடுத்து அரிகரனிடம் காட்டியபோது அவன் அதன் அடியைத் தன் உள்ளங்கையில் வைத்து அளந்தான். "நீட்டம் ஜாஸ்தியா இருக்குது பாரு" என்றான், அவளைத் தேற்றுவதுபோல. விளக்கு வந்தது. அவள் தலையணை போயிற்று. செயின் கவர் வந்தது, ஒரு நத்தை ஓடு ஒட்டியபடி. அவள் டீ குடிக்கிற டம்ளர் போயிற்று. ஒவ்வொன்றையும் அவள் எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுப் புள்ளியைத் துடைத்து, இடத்தில் வைப்பாள். விடிந்தால் அது சாக்கில் இருக்கும். புள்ளி முன்னைவிடப் பெரிதாக.

சமையலறையில் மேல் பலகையில் இருந்த டப்பாக்கள் கீழ்ப் பலகைக்கு வந்துவிட்டன. மிளகாய்த்தூள், பருப்பு, புளி எல்லாமே குள்ளமான ஒரு கைக்கு எட்டுகிற உயரத்தில், வரிசை குலையாமல். கொல்லையில் துணிக்கொடி தாழ்ந்திருந்தது. இருட்டோடு எழுந்து முகம் கழுவப் போனவளின் கழுத்தில் அது குறுக்கே விழுந்தது. ஈரமான கயிறு. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கொட்டகையிலிருந்து சைக்கிளின் பின்சக்கரம் ஃப்ரீயாகச் சுற்றுகிற சத்தம் கேட்டது. டிக் டிக் டிக் என்று மெதுவாகிக்கொண்டே வந்தது. நின்றது. யாரோ இப்போதுதான் இறங்கியதுபோல.

தாமரைத்தண்டு வாசனை படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

அண்ணன் ராஜ்மோகனுக்குப் போன் செய்தாள். என்னவென்று சொல்வது? டப்பாவெல்லாம் கீழே இறங்கிவிட்டது அண்ணா என்றா? "வந்து கூட்டிக்கினு போண்ணா, கொஞ்ச நாளு இருந்துட்டு வரன்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் மனைவி ஏதோ முணுமுணுத்தாள். "இன்னா சுதா நீ" என்றான் ராஜ்மோகன். "கெடைச்சது ஒரு வூடு. கொஞ்சம் அனுசரிச்சுப் போ. இங்க வந்து நின்னா அப்புறம் ஒன்ன எங்க அனுப்பறது?"

அவன் சொன்னதும் நியாயம்தான். அவளை எங்கே அனுப்ப முடியும்?

கடைசியில் சின்னபொண்ணுதான் சுவருக்கு மேலிருந்து கேட்டாள். "யாருடி அது, ஒன் வூட்டுக்கு விருந்தாளி?"

"யாருக்கா?"

"கொழாயாண்ட தலைய ஒணத்திக்கினு இருந்தாளே. குட்டையா. பச்சப் புடவ." சின்னபொண்ணுவின் குரல் பாதியில் தேய்ந்தது. ஊர்க்கதையை வாயில் வைத்துக்கொண்டு முழுங்குகிறவள் இல்லை அவள். அன்றைக்கு முழுங்கினாள். தலை சுவரை விட்டு இறங்கியது.

ஜெயசுதா முடிவு செய்தாள். கொண்டுபோய் விட்டிருக்க வேண்டியதை விடவில்லை. இப்போது விட்டுவிடுவோம். ஏரியில் எடுத்தது ஏரிக்கு.

மத்தியானம் சாய்ந்து, மழை மூட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் கறுத்திருந்த நேரம். அரிகரன் வேலையிலிருந்து வருவதற்குள் சைக்கிளை வெளியே எடுத்தாள். செருப்பில்லாத கால். தெருவில் நல்ல பிள்ளைபோல் வந்தது. கரை மேல் ஏறியதும் கனத்தது. பின்கேரியரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற கனம். தள்ளினாள். பெடல் தானாகச் சுற்றி அவள் முழங்காலுக்குக் கீழே அடித்தது. மறுபடியும் அடித்தது. தோல் கிழிந்த இடத்தில் எரிந்தது. ஏரி தளும்பத் தளும்ப நின்றது. காற்றில்லை. தண்ணீரில் ஓர் இடத்தில் மட்டும் குமிழி ஒன்று விட்டு ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

மதகுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டாள்.

சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது சைக்கிள் சாய்ந்து விழுந்திருக்கவில்லை. நிமிர்ந்தபடியே, யாரோ ஓட்டிக்கொண்டு போவதுபோல, சக்கரம் சுற்றச் சுற்றத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சீட் முழுகியது. ஹேண்டில் முழுகியது. குமிழி நின்றது.

அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள். பயத்தில் அழுததாகத் தெரியவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் வீடு திரும்புகிற ஆள் அழுவாள் அல்லவா, அப்படி. போனதும் டப்பாக்களை மேலே ஏற்ற வேண்டும். கொடியை உயர்த்திக் கட்ட வேண்டும். அரிகரனுக்கு என்ன சொல்வது என்று அப்புறம் யோசிக்கலாம்.

தெரு முனையில் சின்னபொண்ணு வாசல்படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ? யார் வூட்டுக்கு?"

ஜெயசுதா கண்ணைத் துடைத்தாள். "வெளாடாதக்கா. நானே நொந்து போயி வரன்."

சின்னபொண்ணு அவளை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு உயரத்தையும் பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை. ஊருக்குப் புதியவர்களைப் பார்க்கிற ஆர்வம் மட்டும் இருந்தது. "அக்காவா? ஒன்ன நான் பாத்ததில்லையே. அரிகரன் வூட்டுக்கா? உள்ளதான் கீறாங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும். இப்பதான் அவ சைக்கிள்ல வந்து எறங்கினா. போயி கூப்புடு."

"அக்கா. நான் சுதா."

"எந்த சுதா?" என்றாள் சின்னபொண்ணு, கதை கேட்க வாகாகக் காலை மடக்கிக்கொண்டு.

கேட்டிலிருந்து ஈரமான சக்கரத் தடம் உள்ளே போயிருந்தது. ஒற்றைக் கோடு. அதன் ஓரத்தில் சின்னச் சின்னக் காலடிகள்.

ஜெயசுதா ராஜ்மோகனைப் போனில் கூப்பிட்டாள். மணி போயிற்று. எடுத்தான். "யாருங்க?" என்றான். பெயரைச் சொன்னாள். "எனக்குத் தங்கச்சி கெடையாதுங்க. நம்பர சரியா பாத்துப் போடுங்க." வைத்துவிட்டான். குரலில் கோபமே இல்லை.

வீட்டுக்குள் பூண்டு தாளிக்கிற வாசனை. நல்ல வாசனை. கரண்டி சட்டியில் தட்டுகிற சத்தம். யாரோ அடுப்பங்கரையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நடையில் மாட்டியிருந்த முகக்கண்ணாடி தாழ்வாக இறங்கியிருந்தது. அவள் முகம் அதில் தெரியவில்லை. கழுத்து மட்டும் தெரிந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு இல்லை. கயிறு இருக்க வேண்டிய இடத்தில், தொண்டைக்குழியில், ஒரு சிவப்புப் புள்ளி.

தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. எப்போதோ வைத்தது.

கொல்லையில் சைக்கிள் நின்றது. தண்ணீர் சொட்டச் சொட்ட. அரிகரன் கையில் டார்ச்சோடு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சீட்டைத் தொட்டான். "ஓகே." பெடலைத் தொட்டான். "ஓகே." விளக்கு. "ஓகே." செயின் கவர். "ஓகே." ஹேண்டிலில் ஆண்டனி கொடுத்த பெல் இல்லை. கனத்த பித்தளை பெல் இருந்தது. அதை ஒரு தரம் அழுத்தினான். சத்தம் நீளமாகப் போயிற்று. கொல்லை தாண்டி, கரும்பு தாண்டி, ஏரி வரைக்கும் போயிருக்கும்.

"ஓகே" என்றான். "எல்லாமே ஒரிஜினல்."

அப்புறம் டார்ச்சை ஜெயசுதாவின் பக்கம் திருப்பினான்.

அவள் பேச வாயெடுத்தாள். ஏங்க, நான்தான் என்று சொல்ல வேண்டும். நாக்கு புரளவில்லை. அவன் எழுந்து வந்தான். வெளிச்சம் அவள் காலிலிருந்து மெதுவாக மேலே ஏறியது. இடுப்பு. தோள். தலை. நிதானமாகப் பார்த்தான். முகத்தில் கடுகளவு வெறுப்புகூட இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு அன்பாக அவளை அளந்ததில்லை.

"அளவு சரியில்ல" என்றான் மெதுவாக.

மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கிப் பிடிக்கவில்லை. உடைந்துவிடக் கூடாதே என்று பிடிப்பதுபோல் பிடித்தான். அவள் கால் நடந்தது. அவளைக் கேட்காமல் நடந்தது. சணல் சாக்கின் வாயை அவன் விரித்தான். சாக்கு சின்னது. அவள் உயரம். இதற்குள் எப்படிக் கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியது.

கொண்டது.

இருட்டு. சணல் வாசனை. துரு. கன்னத்தில் பிரஷ் குத்தியது. முதுகில் செருப்பு. முழங்கைக்குக் கீழே டம்ளர். சணல் இழைகளுக்கு நடுவே ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம். அதன் வழியே பச்சைப் புடவையின் கொசுவம் தெரிந்தது. அரக்குக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சின்னப் பாதம் ஒன்று, வெளுத்து, ஊறி, விரல்கள் சுருங்கி, பெடல் மேல் ஏறியது. இன்னொன்று தரையில் அழகாக ஊன்றியது. சீட் சரியான உயரம்.

ஜெயசுதா கத்தினாள். இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

டக்.

தகர டப்பாவைத் தட்டியதுபோல்.

"இன்னா சத்தம்டி அது, செல்வி?" சுவருக்கு மேல் தலை வந்திருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லக்கா." ஈரமான, இனிமையான குரல். "டூப்ளிகேட்டு சாமானுங்க. காலைல பழைய இரும்புக்காரர் வருவாரு, போட்டுடலாம்."

டக். டக். டக்.

சாக்கின் வாயை அரிகரன் சேர்த்துப் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டான். ஊசிக்கண் வெளிச்சத்தில் அந்தக் கயிறு தெரிந்தது. மஞ்சள் கயிறு. நுனியில் ஒரு சின்ன சிவப்புப் புள்ளி.